நூறு மீட்டர் நீளத் தள்ளுவண்டி

மதுரையில் வீட்டில் இருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். வங்கிப் படிவம், மிக்ஸி கையேடு, உரமூட்டையின் பின்பக்கம், கண் ஆஸ்பத்திரித் துண்டறிக்கை என்று வந்ததையெல்லாம் செய்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு சொல்லில் சறுக்கி விழுந்தேன். கையை விட்டுப் போனது 28,300 ரூபாய். போன தூக்கத்துக்குக் கணக்கில்லை. அப்போது யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அந்தச் சொல் 'பேரோ'. ஆங்கிலத்தில் பி, ஏ, இரண்டு ஆர், ஓ, டபிள்யூ. தமிழில் 'பாரோ' என்று எழுதினால் எகிப்து ராஜா வந்து நிற்பார். அவருடைய சமாதியும் பெரிசுதான், ஆனால் அவர் வேறு கதை. ஆகவே இங்கே பேரோ என்றே எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு சுற்றுலா நிறுவனம். பணி ஓய்வு பெற்றவர்களைக் குழுவாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போவார்கள். தென் இங்கிலாந்துப் பயணத்துக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும், நாற்பத்தெட்டுப் பக்கம், பதினாலாயிரம் வார்த்தை, எட்டு நாளில் முடிக்க வேண்டும் என்றார்கள். வார்த்தைக்கு ஒரு ரூபாய் இருபது பைசா. மொத்தம் 16,800. அந்த மாதம் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. சரி என்றேன். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது, வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரல் மட்டும்தான்.

மூலம் எக்செல் கோப்பாக வந்தது. ஒரு வரிக்கு ஒரு கட்டம். படம் இல்லை, வரைபடம் இல்லை. அத்தியாயங்களும் பயண வரிசையில் இல்லை, யாரோ எழுதி முடித்த வரிசையில் இருந்தன. முதல் அத்தியாயம் லண்டன். அதில் தெருச் சந்தைகளைப் பற்றி ஒரு பகுதி. பேரோவில் ஆப்பிளும் ஆரஞ்சும் குவித்து, தெருமுனையில் நிறுத்திக் கூவி விற்கிறவர்களை அங்கே 'பேரோ பாய்' என்பார்கள். நம்ம ஊர் டவுன்ஹால் ரோட்டில் நின்று பார்த்தால் அதே காட்சிதான். ஆகவே 'தள்ளுவண்டி', 'தள்ளுவண்டிக்காரப் பையன்கள்' என்று போட்டேன். தப்பே இல்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் அந்த இடத்துக்கு அதையேதான் போடுவேன். முதல் தடவை சரியாக இருந்ததுதான் வினையாகிவிட்டது.

நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் சொற்பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு சொல்லுக்கு ஒருமுறை தமிழ் கொடுத்துப் பூட்டிவிட்டால், அடுத்து அந்தச் சொல் எங்கே வந்தாலும் அதுவே எடுத்து நீட்டும். நூல் முழுக்க ஒரே சொல் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காகச் செய்த வசதி. நானும் 'பேரோ = தள்ளுவண்டி' என்று பூட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

ஆறாம் நாள் ராத்திரி வில்ட்ஷயர் அத்தியாயம் வந்தது. பழங்காலத்தில் பெரிய கற்களை வட்டமாக நட்டுவைத்த ஸ்டோன்ஹெஞ்ச், எய்வ்பரி எல்லாம் இருக்கிற மாவட்டம். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றியுள்ள நிலத்தில் நூற்றுக்கணக்கான பேரோக்கள் இருக்கின்றன என்று ஒரு வரி. கட்டத்தில் 'தள்ளுவண்டிகள்' ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. எனக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நொடி உறுத்தியது. நூற்றுக்கணக்கான தள்ளுவண்டி அங்கே எதற்கு? உடனே நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு பெரிய கல்லையெல்லாம் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள், சின்னக் கல், மண் அள்ள வண்டி வேண்டாமா, அதைத்தான் காட்சிக்கு வைத்திருப்பார்கள் என்று. அடுத்து 'லாங் பேரோ' வந்தது. நீளத் தள்ளுவண்டி. அடுத்து, அறைகள் கொண்ட லாங் பேரோ. ஏதோ கூண்டு வண்டி மாதிரி போல என்று நினைத்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அந்த இடத்தில் நான் செய்தது வெறும் அறியாமை இல்லை. அறியாமையாக இருந்தால் அகராதியைத் திறந்திருப்பேன். தெரியாத சொல்லுக்கு எல்லோரும் அகராதி பார்க்கிறோம். தெரிந்த சொல்லுக்கு யார் பார்க்கிறார்கள்? வரி அபத்தமாக நிற்கும்போது அதற்கு முட்டுக்கொடுக்க மூளையே ஒரு கதை கட்டிவிடுகிறது. இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை நியாயப்படுத்த மனசுக்குள் கதை ஓட ஆரம்பித்தாலே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன். வேறு எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உறுத்தல் ஒரு நொடிதான் இருக்கும், சமாதானம் உடனே வந்துவிடும்.

வேலையை முடித்து அனுப்பினேன். அவர்கள் யாரையும் வைத்துச் சரிபார்க்கவில்லை, அச்சுக்கு முன் எனக்கும் அனுப்பவில்லை. ஐந்நூறு பிரதி அடித்து, அதில் ஒரு கட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதல் குழு கிளம்பிவிட்டது.

மே மாசம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணி. தோசைக்கல் அடுப்பில் இருக்கிறது. குழுவோடு போயிருந்த டூர் மேனேஜர் கூப்பிட்டார். அங்கே மாலை நாலு மணி. போனில் காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது.

"மேடம், ஒரு சின்ன டவுட்டு. இங்க ஒரு மேட்டு மேல நிக்கிறோம். புக்குல தள்ளுவண்டின்னு போட்டிருக்கு. வண்டி எங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க."

"எந்தப் பக்கம் சார்?"

"இருபத்தொண்ணு. இருங்க, நம்ம தமிழ் ஐயா படிக்கிறேங்கிறார்."

அந்தக் குழுவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். வகுப்பில் செய்யுள் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிதானமாக வாசித்தார். "கி.மு. 3650 வாக்கில் கட்டப்பட்ட இந்த நூறு மீட்டர் நீளத் தள்ளுவண்டிக்குள் ஐந்து அறைகள் உள்ளன. குறைந்தது முப்பத்தாறு பேர் இந்தத் தள்ளுவண்டியில் அடக்கம் செய்யப்பட்டனர்." பின்னால் இருபது முப்பது பேர் சிரிக்கிற சத்தம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது கை சில்லிட்டுவிட்டது. தோசை கருகிய வாசம் வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

அவர்கள் நின்றுகொண்டிருந்த இடம் வெஸ்ட் கென்னட் லாங் பேரோ. எய்வ்பரிக்குப் பக்கத்தில், சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு வயல் வரப்பு வழியாக மேலே நடந்து போனால் வருகிற நீளமான மண்மேடு. கிழக்கு முனையில் ஆள் உயரத்தைவிடப் பெரிய கற்கள் வரிசையாக நிற்கும், அதன் பின்னால் உள்ளே போகக் கல் நடை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அறை, கடைசியில் ஒரு அறை. புதிய கற்காலத்து விவசாயிகள் தங்கள் இறந்தவர்களை வைத்த இடம். முதலில் 1859-இல் தோண்டினார்கள், பிறகு 1955, 56-இல் ஸ்டூவர்ட் பிகாட்டும் ரிச்சர்ட் அட்கின்சனும் விரிவாக ஆய்வு செய்தார்கள். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அந்த ராத்திரிதான். மொழிபெயர்ப்பதற்கு முன் ஒரே ஒரு படம் பார்த்திருந்தால் போதும். கூகுளில் அந்த இடத்தின் பெயரைப் போட்டால் முதல் படத்திலேயே புல் மூடிய மேடு தெரிகிறது. அரை நிமிஷ வேலை. இடப்பெயர் வந்தால் படம் பார்க்காமல் அந்தப் பத்தியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு வைத்த வழக்கம் இன்றுவரை இருக்கிறது.

அகராதியையும் அன்றுதான் ஒழுங்காகத் திறந்தேன். ஆக்ஸ்ஃபர்டு அகராதியில் இந்தச் சொல் ஒரு தடவை இல்லை, பல தடவை இருக்கிறது. தலைச்சொல்லின் தோளில் 1, 2 என்று பொடி எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை நான் அதுவரை பத்து வருடமும் ஏதோ அச்சுக் குறி என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். ஒரே தலைச்சொல்லுக்குக் கீழே பல பொருள் இருந்தால் அது ஒரு சொல், பல கிளை. தோளில் வேறு வேறு எண் போட்டு வேறு வேறு தலைச்சொல்லாக வந்தால் அவை பிறப்பிலேயே வேறு. எழுத்துக்கூட்டு மட்டும்தான் ஒன்று. தமிழில் 'மதி' நிலவுக்கும் அறிவுக்கும் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்மேடான பேரோ பழைய ஆங்கிலத்தில் 'பெயோர்க்'. குன்று என்று பொருள். ஜெர்மனில் மலைக்கு 'பெர்க்' என்கிறார்களே, அதன் பங்காளி. தள்ளுகிற பேரோவோ, சுமத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. சக்கரம் பிறகு வந்த விஷயம். ஐரோப்பாவில் ஒற்றைச் சக்கர வண்டி இடைக்காலத்தில்தான் படங்களில் தெரிய ஆரம்பிக்கிறது. சீனாவில் அதற்கு ஆயிரம் வருடம் முன்னாலேயே இருந்திருக்கிறது, அது தனிக் கதை. சக்கரம் இல்லாத பழைய பேரோ எப்படி இருக்கும் என்றால், இரண்டு நீளக் கம்பு, நடுவில் குறுக்குச் சட்டம், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்துத் தூக்க வேண்டும். கல், சாணம், வைக்கோல் எல்லாம் அதில் போகும்.

அந்தப் படத்தை மானிட்டரில் பெரிசாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மாமனார் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். நாற்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இந்நேரத்துல பாடையைப் பாத்துட்டு இருக்க?" என்றார்.

"பாடை இல்ல மாமா. கல்லு மண்ணு தூக்கறது."

"ரெண்டு கம்பு, நடுவுல படல். இது பாடைதான். கூட நாலு தென்னங்கீத்து போட்டா முடிஞ்சது."

அவர் போன பிறகு சும்மா ஒரு ஆர்வத்தில் தேடினேன். ஆங்கிலத்தில் பாடைக்கு 'பியர்' என்று ஒரு சொல் உண்டு. அதுவும் அதே சுமத்தல் வினையிலிருந்து பிறந்தது. அதாவது, பிணம் புதைத்த மேட்டுக்கும் பாடைக்கும் சொல்வழியில் உறவு இல்லை. ஆப்பிள் விற்கிற வண்டிதான் பாடைக்கு உடன்பிறப்பு. மாமனார் கண்ணாடி இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் காலையில் இதைச் சொன்னபோது, "அதான் நேத்தே சொன்னேனே" என்று காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த ராத்திரி எனக்கு இந்த ரசனையெல்லாம் இல்லை. பயம்தான் இருந்தது. பயத்தில் இரண்டாவது தப்பைச் செய்தேன், அது முதலாவதைவிட மோசம்.

குழு இன்னும் மூன்று நாள் அங்கே இருக்கும், திருத்திய பிடிஎஃப் அனுப்பினால் போனில் படித்துக்கொள்வார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் கோப்பைத் திறந்து, 'தள்ளுவண்டி' இருக்கிற இடத்திலெல்லாம் 'ஈமமேடு' என்று மொத்தமாக மாற்றும்படி கட்டளை கொடுத்துவிட்டேன். நாற்பத்தொரு இடம் மாறியது என்று வந்தது. அப்பாடா என்று இருந்தது. ஒரு மணிக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

தமிழில் எழுதுகிறவர்கள் இதைப் படிக்கும்போதே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். தள்ளுவண்டி இகரத்தில் முடிகிற சொல், வேற்றுமை சேரும்போது யகரம் வரும். மேடு அப்படி இல்லை, 'மேட்டில்', 'மேட்டை' என்று டகரம் இரட்டிக்கும். இயந்திரத்துக்கு இது தெரியாது. 'ஈமமேடுயில்', 'ஈமமேடுயை', 'ஈமமேடுக்குள்' என்று பக்கம் பக்கமாக வந்துவிட்டது. தமிழ்ச் சொல்லைத் தேடி மாற்றும்போது ஒவ்வொரு இடத்திலும் நின்று, பார்த்து, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஒட்டுப் போடாத மொழிகளுக்குச் செய்த பொத்தான் அது. நமக்கு ஆகாது.

அது பரவாயில்லை, படிக்கிறவர்கள் தட்டச்சுப் பிழை என்று விட்டுவிடுவார்கள். குழு சனிக்கிழமை லண்டன் வந்தது. லண்டன் அத்தியாயத்தில் நான் சரியாகப் போட்டிருந்த தள்ளுவண்டிகளும் மாறியிருந்தன. 'ஈமமேட்டுக்காரப் பையன்கள்' என்றுகூட ஒழுங்காக வரவில்லை. 'ஈமமேடுக்காரப் பையன்கள் ஆப்பிள், ஆரஞ்சுப் பழங்களை ஈமமேடுயில் குவித்துத் தெருத்தெருவாகத் தள்ளிச் சென்றனர்' என்று இருந்தது. இந்த முறை மேனேஜர் கூப்பிடவில்லை. நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்தே அழைப்பு வந்தது. திட்டவில்லை. "மேடம், நீங்க இத படிச்சுப் பாத்துத்தான் அனுப்பினீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மூன்று நாள் வேறு எதையும் தொடாமல் அந்தக் கையேட்டை வரிவரியாகத் திருத்தினேன். அதில்தான் மெய்யான வேலையே இருந்தது. 'ஈமமேடு' என்ற சொல்லே முதலில் சரியா? பதுக்கை என்று ஒரு அழகான பழைய சொல் இருக்கிறது. சங்கப் பாடல்களில் பாலை வழியில் மாண்டவர்கள் மேல் கல்லும் தழையும் குவித்து மூடியதைச் சொல்வது. அதைப் போடலாம் என்று ஆசையாக இருந்தது. ஆனால் நம் தொல்லியல் நூல்களில் கற்பதுக்கை என்றால் பலகைக்கல் வைத்துப் பெட்டிபோல் செய்த புதைகுழி. கல்திட்டை வேறு, கல்வட்டம் வேறு, கற்குவை வேறு. ஏற்கனவே ஒரு துறை ஒரு சொல்லை ஒரு பொருளுக்கு எடுத்துக்கொண்டிருந்தால், அழகாக இருக்கிறதே என்று வேறு பொருளுக்கு நாம் எடுத்துப் போடக் கூடாது. நாளைக்கு இரண்டையும் படிக்கிறவர் குழம்புவார். கடைசியில் ஈமமேடு என்றே வைத்தேன், முதல் தடவை வருமிடத்தில் 'இறந்தவர்களைப் புதைத்து மேலே மண் குவித்த மேடு' என்று விளக்கமும் சேர்த்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. லாங் பேரோ புதிய கற்காலம், நீளமாக இருக்கும். வட்டப் பேரோ பெரும்பாலும் வெண்கலக் காலம், அதைவிட ஆயிரம் வருடத்துக்கும் மேல் பிந்தியது. வட்டத்திலேயே கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி, மணி மாதிரி, தட்டு மாதிரி என்று வகை வகையாக இருக்கின்றன. அதில் 'குளப் பேரோ' என்று ஒன்று, மேடே இல்லை, வட்டமாகத் தோண்டிய பள்ளம். பள்ளத்தை 'குள ஈமமேடு' என்று எழுதினால் தமிழ் ஐயா மறுபடி போன் செய்வார். அந்த ஒரு இடத்தில் ஈமப்பள்ளம் என்று போட்டேன். இதற்கு நேர்மாறாக, பக்கத்திலேயே சில்பரி என்று மனிதர்கள் கட்டிய பிரம்மாண்டமான மேடு இருக்கிறது. தோண்டிப் பார்த்தும் உள்ளே சமாதி கிடைக்கவில்லை. ஆகவே அது மேடு, ஈமமேடு இல்லை.

பெயர்கள் இன்னொரு பெரும்பாடு. ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்தில் புஷ் பேரோ என்ற மேட்டை 1808-இல் வில்லியம் கன்னிங்டன் தோண்டினார். தங்கத்தில் சாய்சதுரத் தகடு, குத்துவாள் எல்லாம் ஒரு மனிதனின் எலும்புக்கூட்டோடு கிடைத்தன. என் முதல் அச்சில் அது 'புதர்த் தள்ளுவண்டியில் தங்கம் கண்டெடுப்பு'. ஆக்ஸ்ஃபர்டுஷயரில் 'வேலண்டின் கொல்லுப்பட்டறை' என்று ஒரு இடம். இரவில் குதிரையையும் ஒரு காசையும் விட்டுப் போனால் காலையில் லாடம் அடித்திருக்கும் என்று ஊர்க்கதை. சொல்லுக்குச் சொல் நான் சரியாகத்தான் மாற்றியிருந்தேன், ஆனால் அதுவும் ஒரு லாங் பேரோதான், பட்டறை இல்லை. இடப்பெயரை மொழிபெயர்க்காமல் ஒலியை மட்டும் எழுதி, பக்கத்தில் அது என்ன என்று ஒரு வரி சொல்வதே நல்லது. பேரோ என்று முடிகிற ஊர்ப்பெயர் எல்லாம் மேடும் இல்லை. சிலவற்றில் அது தோப்பு என்று பொருள்படும் வேறொரு பழஞ்சொல்லின் தேய்வு. அலாஸ்காவில் பேரோ என்றிருந்த ஊர் ஜான் பேரோ என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர், 2016-இல் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுப் பழைய பெயரான உட்கியாக்விக் என்றே மாற்றிக்கொண்டார்கள். அங்கேயும் என் சொற்பட்டியல் தள்ளுவண்டியைத்தான் நீட்டும்.

இப்போது பணக் கணக்கு. ஐந்நூறு பிரதி அச்சடிக்க 23,000 ரூபாய் ஆனது, மறுபடி அடிக்க இன்னொரு 23,000. உங்கள் கூலியைத் தர மாட்டோம், மறு அச்சில் பாதியை நீங்கள் ஏற்க வேண்டும் என்றார்கள். 16,800 வரவில்லை, கையிலிருந்து 11,500 போனது. இரண்டு தவணையாகக் கொடுத்தேன். வீட்டில் பேமெண்ட் லேட் ஆகிறது என்று ஒன்றரை மாதம் பொய் சொன்னேன். ஸ்கூல் ஃபீஸுக்கு ஒரு மோதிரம் அடகுக் கடைக்குப் போனது. கணவருக்குத் தெரிந்தபோது அவர் கேட்டது, "அச்சுக்கு முன்னாடி உன்கிட்ட ஏன் காட்டல?" என்றுதான். அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. என் தப்பு என்ற குற்ற உணர்ச்சியில் அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருந்தேன்.

தப்பு என்னுடையதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படம் இல்லாமல், வரிசை இல்லாமல் மூலத்தைக் கொடுத்தது அவர்கள், யாரையும் வைத்துச் சரிபார்க்காமல் அச்சடித்ததும் அவர்கள். பாதிப் பழியை நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். இப்போது வேலை தொடங்கும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகே கோப்பைத் திறக்கிறேன். அதில் மூன்று விஷயம் இருக்கும். வடிவமைத்த பக்கங்களை அச்சுக்கு முன் எனக்குக் காட்ட வேண்டும். பிழை இருந்தால் கூலி இல்லாமல் திருத்தித் தருவேன். இழப்பீடு என்று வந்தால் என் கூலித் தொகைக்கு மேல் போகாது. மூன்றாவதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனவர்கள் இரண்டு பேர், போகட்டும். அவசர வேலையாக இருந்தாலும் முதல் நாள் ஒரு வரிகூட மொழிபெயர்க்காமல் முழுசையும் படித்துவிடுகிறேன். பதினாலாயிரம் வார்த்தை படிக்க ஒன்றரை மணி நேரம் போதும். அன்று படித்திருந்தால் லண்டன் பேரோவும் வில்ட்ஷயர் பேரோவும் ஒரே நாளில் கண்ணில் பட்டிருக்கும். சொற்பட்டியலில் சொல்லை மட்டும் தனியாகப் பூட்டுவதில்லை, அது வந்த வாக்கியத்தையும் கூடவே குறித்து வைக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் ராத்திரி பன்னிரண்டு தாண்டி வேலை செய்வதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன். அதை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

தமிழ் ஐயா ஊர் திரும்பியதும் என் எண்ணை வாங்கிப் பேசினார். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். "அம்மா, அந்த முதல் பதிப்பு ஒண்ணு பத்திரமா வெச்சிருக்கேன். இங்கிலாந்து போனதுல எல்லாரும் மறக்காம ஞாபகம் வெச்சிருக்கிற ஒரே விஷயம் அந்த மேடுதான்" என்றார். மகிழ்ச்சியா துக்கமா என்று தெரியவில்லை, நன்றி ஐயா என்று வைத்துவிட்டேன்.

போன மாசம் கால்நடைத் தீவனம் விற்கிற ஒரு நிறுவனத்திலிருந்து பன்றி வளர்ப்புக் கையேடு வந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. எடைவாரியாகத் தீவன அளவு, மேலே இரண்டு பத்தித் தலைப்பு. ஒன்று 'பேரோ', இன்னொன்று 'கில்ட்'. கில்ட் என்றால் எனக்குத் தெரிந்தது பொன்முலாம். தள்ளுவண்டிக்கும் பொன்முலாமுக்கும் தினம் எத்தனை கிலோ தீவனம் என்று ஒரு அட்டவணை கண்முன் வந்து நின்றது. கையை எடுத்தேன். அகராதியைத் திறந்தேன். தோளில் இன்னொரு எண், காயடித்த ஆண் பன்றி. பழைய ஆங்கிலத்தில் அதுவும் தனிச் சொல், மேட்டோடும் சேராது வண்டியோடும் சேராது. கில்ட், இன்னும் குட்டி போடாத பெண் பன்றி. இருந்தாலும் நம்பவில்லை. கால்நடை மருத்துவராக இருக்கிற தோழியைக் கூப்பிட்டுக் கேட்டேன், பண்ணைக்காரர்கள் 'காயடிச்ச கடா' என்றுதான் சொல்வார்கள், அதையே போடு என்றாள். அட்டவணையின் படத்தைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன், அனுப்பினார்கள். வார்த்தைக்கு இருபது பைசா கூட்டியும் கேட்டிருந்தேன். அதற்கும் சரி என்று பதில் வந்திருந்தது.